தம்பி மனைவியை அடிக்கிறான். அவனும் போரில் தப்பி வந்த பிள்ளைதான். நான் எங்கே தொடங்குவது?

பாலைப்பழம்

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம். எனக்கு ஒரு தம்பி. 2009இல் அவனுக்கு 17 வயது. மாத்தளனில் ஷெல் விழுந்தபோது அப்பா பங்கர் வாசலிலேயே போய்விட்டார். தறப்பாள் விரிப்பை எடுத்து அவரை மூடியவன் தம்பி. புதைக்க நேரம் கிடைக்கவில்லை. பிறகு அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவப் பக்கம் வந்தவனும் அவன்தான். மூத்த அண்ணை எங்கே என்று இன்றுவரை தெரியாது.

முகாமிலிருந்து ஊருக்கு வந்ததும் மேசன் வேலை பழகினான். கெட்டிக்காரன். 2014இல் கலியாணம். மகனுக்கு இப்போது எட்டு வயது. நாலைந்து வருடமாகக் குடி. குடித்தால் மனைவிக்கு அடி. போன மாதம், தாயை மறித்துக்கொண்டு நின்றதற்காக மகனையும் பெல்ட்டால் அடித்திருக்கிறான். விடிந்ததும் கிணற்றடியில் குந்தியிருந்து அழுகிறான். இரவில் நித்திரை இல்லை. திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால் அவன் முகம் வெளுத்துப் போய்விடும், எங்கேயாவது ஒதுங்கிவிடுவான்.

ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. "குடும்ப விஷயம்" என்பார்கள். இல்லாவிட்டால் "பாவம், அவன் பட்ட பாட்டுக்கு" என்பார்கள். அம்மா தம்பியின் மனைவியை, என் மச்சாளைத்தான் பொறுத்துப் போகச் சொல்கிறா. மச்சாள் என்னிடம் எதுவும் சொல்லமாட்டா, நான் அவனுடைய அக்கா அல்லவா.

இவனுக்கு வேண்டியது மருந்தா, பொலிஸா? பொலிஸுக்குப் போனால் இனி ஆயுளுக்கும் என் முகத்தில் முழிப்பானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீரோட்டம்

தங்கச்சி, இதை எழுதியதே பெரிய காரியம். நான் 2010இலிருந்து பல வருடம் வன்னியில் உளசமூகப் பணி செய்தவள். நீங்கள் எழுதியது போன்ற வீடுகளின் திண்ணையில் எத்தனையோ பின்னேரம் இருந்திருக்கிறேன்.

முதலில் தம்பியை ஒரு பக்கம் வையுங்கள். இன்றிரவு மச்சாளும் பெடியனும் பாதுகாப்பாகப் படுப்பார்களா? அவன் எப்போதாவது மச்சாளின் கழுத்தை நெரித்திருக்கிறானா? மண்ணெண்ணெயைக் கையில் எடுத்திருக்கிறானா? கொல்லுவேன், அல்லது நான் சாவேன் என்று சொல்கிறானா? கழுத்தில் கை வைத்த வீட்டில் அடுத்த முறை உயிர் போகலாம். இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் இந்தப் பதிலைத் தொடர்ந்து வாசிக்காமல் 1938க்கு அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண். பிள்ளைக்கு 1929.

அடுத்தது சட்டம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது தண்டனை இல்லை. கிட்ட வராதே, அடிக்காதே என்ற கட்டளை, 12 மாதம் வரை செல்லும். மச்சாளுக்குப் பதிலாக பொலிஸும் விண்ணப்பிக்கலாம். உளவளத்துணைக்குப் போகும்படியும் நீதிமன்றம் சொல்லலாம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பொலிஸ் என்றால் மறியல், சிறை என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. அந்தப் பயத்திலேயே பத்து வருடம் அடி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். நேராகப் பொலிஸுக்குப் போகத் தயக்கம் என்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். அங்கே முதலில் போங்கள்.

இப்போது தம்பி. போரில் பட்டதும் வீட்டில் அடிப்பதும் தொடர்பில்லாத இரண்டு சங்கதி இல்லை. வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. போர்ச் சம்பவம் ஒன்றையாவது அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 82 பேர். வீட்டுக்குள் வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95க்கும் மேல். ஷெல்லைவிட வீட்டுக்குள் அடி கண்ட பிள்ளைகள் கூட. தகப்பனின் குடியும் குடும்பம் போரில் பட்ட பாடும் அந்த அடியோடு சேர்ந்தே வந்தன. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதியவர்: மனவடு தனி ஆளுக்கு மட்டும் வருவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஒருவரை ஒருவர் நம்புவது, அயலில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது, சாவீட்டில் கூடியிருப்பது, எல்லாம் போய்விடும். உங்கள் ஊர் வாய் மூடியிருப்பதும் அந்தக் காயத்தில் ஒரு பகுதிதான். அதனால் அதை ஆற்றுவதிலும் அயலும் ஊரும் சேர்ந்து வர வேண்டும்.

ஒன்று மறக்க வேண்டாம். நாளாந்தம் நிறையக் குடிக்கிறவனை ஒரேயடியாக நிறுத்து என்று வீட்டில் அடைக்கக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதை ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்ய வேண்டும்.

தெளிவு

நீரோட்டம் அக்கா சொன்னதில் முதல் பாதியோடு ஒத்துப்போகிறேன். இரண்டாம் பாதி எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அம்மா அடி வாங்கியவ. அப்பாவும் போரில் பட்டவர்தான். ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். கோயில் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், சித்தப்பா. தேத்தண்ணி குடித்தார்கள். "அவனும் எவ்வளவு கஷ்டப்பட்டவன், நீதான் கொஞ்சம் பொறுமையாக" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிரவு, ஊரைக் கூட்டினாய் என்று அதற்கும் அடி. சமூகம் சேர்ந்து உதவும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகள்தான் ஞாபகம் வரும்.

அதே பங்கரில் அம்மாவும்தானே இருந்தா? அவ யாரை அடித்தா? முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் எல்லோரும் மனைவியை அடிக்கவில்லை. அவன் மேசன் பாஸை அடிப்பதில்லையே. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று வெறியிலும் தெரிகிறது. அதனால் பாலைப்பழம் அக்கா, மச்சாளிடம் போங்கள். தம்பிக்காகப் பேச அல்ல. "எனக்குத் தெரியும், நான் உன் பக்கம்" என்று சொல்ல. என் அம்மாவிடம் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அப்பாவின் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

நீரோட்டம்

தெளிவு, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். சமாதானம் பேச வருகிற அயல் வேறு, காவலுக்கு வருகிற அயல் வேறு. முதலாவது அவள் வாயை மூடும். நான் கேட்பது இரண்டாவது. என் வேலையிலும் ஆரம்பத்தில் இதைக் குழப்பியிருக்கிறேன். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கதைக்க வைத்தேன். அவன் முன்னால் அவள் உண்மை சொல்வாள் என்று நினைத்தது என் பிழை. ஒரு வீட்டில் அதன் விலையை அந்தப் பெண்தான் கொடுத்தாள். அதற்குப் பிறகு எப்போதும் தனித்தனியாகத்தான், அவளிடம்தான் முதலில்.

கரைவலை

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நான் முல்லைத்தீவுக் கரை. சுனாமியில் தாயும் தங்கச்சியும் போனார்கள். 2009இல் மூத்த மகன். அடித்தவன் நான்.

தெளிவு என்ற பிள்ளை எழுதியது உண்மை. வெறியிலும் எனக்குத் தெரியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியை நான் அடித்ததில்லை. அதை நானே எனக்கு ஒத்துக்கொள்ள வருடக்கணக்கானது.

எப்படி நின்றது என்று சொல்கிறேன். யாருக்காவது உதவும். 2013இல் ஒரு இரவு சத்தம் கேட்டு அயல் வீட்டுப் பெண்கள் நாலு பேர் டோர்ச்சோடு வளவுக்குள் வந்தார்கள். என்னைத் திட்டவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. முற்றத்தில் பாய் போட்டு இருந்துவிட்டார்கள். விடியும்வரை. அடுத்த முறையும் வந்தார்கள். மூன்றாவது முறை சத்தம் போடத் தொடங்கும்போதே வேலிக்கு அங்கால் டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. கை தானாக இறங்கிவிட்டது. அந்த நாலு பேரில் இருவர் கணவனை இழந்தவர்கள், ஒருத்தியின் மகன் காணாமல் போனவன். என்னைவிட அதிகம் இழந்தவர்கள் என் முற்றத்தில் நித்திரை முழித்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கு மேல் என்ன சாட்டுச் சொல்வது?

சம்மாட்டிக்கும் கதை போனது. "அடித்த அன்றைக்கு வாடிக்கு வராதே, பங்கும் இல்லை" என்றார். வாடி என்றால் கரையில் மீனவர் இருக்கும் கொட்டில். கரைவலை இழுப்பது ஒரு ஆளின் வேலை இல்லை. இருபது முப்பது பேர் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அந்த வரிசையில் என் இடம் வெறுமையாக இருந்ததை இந்தக் கரையில் நின்று பார்த்தேன். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கசிப்புச் சாராயத்துக்குப் போகவில்லை, சாகலாமா என்றுதான் யோசித்தேன். இதையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒருவனை ஒதுக்கும்போது அவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது. இரண்டாம் நாள் பின்னேரம் வாடியில் வயதான ஒருவர் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு கிளினிக், நானும் வாறன்" என்றார். என்னோடு பஸ் ஏறினார். ஒவ்வொரு மாதமும் வந்தார், ஒன்றரை வருடம். வழியில் மீன் விலை, காற்று, இயந்திரம், இவைதான் கதை. என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மூன்றாவது வருடம் வலை பொத்திக்கொண்டிருக்கும்போது நானாக மகனைப் பற்றிச் சொன்னேன். கை வேலை செய்துகொண்டிருந்தபடியால் அவர் முகத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை. அவரும் ஊசியை நிறுத்தவில்லை. "ம்" என்றார். பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் அவருக்கு ஒரு மகள் இருந்தது எனக்குத் தெரியாது.

மனைவி என்னை மன்னித்தாவா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மேப்பிள்நிழல்

கரைவலை அண்ணை, இரண்டு முறை வாசித்தேன். எழுதியதற்கு நன்றி.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் வேலை செய்கிறேன். கடல் கடந்து வந்தாலும் இதே கதைகள்தான். இங்கே உளவளத்துணை இருக்கிறது, தமிழில்கூட இருக்கிறது. ஆனால் ஆண்கள் வருவதில்லை. "எனக்கென்ன விசரா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுவிடும்.

அண்ணை சொன்ன அந்தப் பெரியவரையும் டோர்ச் பிடித்த பெண்களையும் வாசித்தபோது சிம்பாப்வே ஞாபகம் வந்தது. 2005இல் அங்கே அரசாங்கமே நகர்ப்புறக் குடிசைகளை இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் ஏழு இலட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கியபோது அவருக்குத் தாதியும் தரவில்லை, அறையும் தரவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். கிளினிக் வளவில் ஒரு மர வாங்கு, அதாவது பெஞ்சு. முதலில் அதற்கு மனநல வாங்கு என்று பெயர் வைத்தார்கள், சனம் கிட்டவும் போகவில்லை. பாட்டிமார்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். அது சிநேக வாங்கு ஆனது, சனமும் வந்து குந்தியது. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வாங்கில் இருந்து கதைத்தவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது.

என்னைப் பிடித்தது அவர்கள் பாவித்த சொல். ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா. கூடுதலாக யோசிப்பது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போனால் என்ன சொல்வார்கள்? "ஒரே யோசனை டொக்டர்." அதே சொல்! அந்தப் பாட்டிமார் நோயின் பெயரைச் சொல்லாமல், யோசனைகளில் எது முதலாவது, அதற்கு இந்தக் கிழமை என்ன செய்யலாம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக் கதைப்பார்கள்.

பாலைப்பழம், உங்கள் தம்பிக்கு அப்படி ஒரு ஆள் யார்? அவன் யார் சொன்னால் கேட்பான்?

பாலைப்பழம்

எல்லோருக்கும் நன்றி. கரைவலை அண்ணை, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய்விட்டா. பிறகு குசினியில் இருந்து "அந்த மனிசி பாவம்" என்றா. அம்மா வாயிலிருந்து பெண்ணின் பக்கம் ஒரு சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

அவன் யார் சொன்னால் கேட்பான் என்றால், அவனுக்கு வேலை பழக்கிய மேசன் பாஸ். வேறு ஒருவரும் இல்லை.

நீரோட்டம் அக்கா, கழுத்தை நெரித்ததில்லை என்று மச்சாள் சொன்னா. நேரே போய்க் கேட்டேன். தெளிவு சொன்ன வசனத்தோடுதான் தொடங்கினேன். ஆனால் "நான் செத்தால் எல்லோருக்கும் நிம்மதி" என்று அவன் அடிக்கடி சொல்கிறானாம்.

முகாம்பிள்ளை

அக்கா, அந்தக் கடைசி வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவன். 1990இல் வந்த குடும்பம். இங்கேயும் குடி, அடி, தற்கொலை எல்லாம் பார்த்திருக்கிறோம். சாவேன் என்று சொல்கிறவன் சாகமாட்டான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இதைவிடப் பெரிய பலன் தந்தது வேறு எதுவும் கிடையாது. இலங்கையிலேயே 1995க்குப் பிறகு கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின் இருபது வருடத்தில் தற்கொலை வீதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. யாருடைய துக்கமும் குறைந்ததால் அல்ல. அந்த ஒரு மோசமான மணிநேரத்தில் கைக்கு எட்டவில்லை, அதனால். இங்கே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு ஊர்களில் எல்லார் வீட்டு மருந்தையும் ஒரே இடத்தில் பெட்டிகளில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். தேவைப்படும்போது போய் எடுத்து வரலாம். அங்கேயும் குறைந்தது. சென்னையில் 1986இல் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார்தான் இதைச் செய்தது.

அதே டாக்டர் எங்களைப் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களிலும் ஒரு வேலை செய்தார். டாக்டர்களைக் கொண்டுவரவில்லை. முகாமில் இருக்கிறவர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருக்கிறவர்களைத் தவறாமல் போய்ப் பார்க்க வைத்தார்கள். கையில் ஒரு அட்டை. மனம் அப்படிப் போகும்போது முதல் அறிகுறி என்ன, நான் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன், எல்லாம் அவரவர் சொல்லிலேயே எழுதியிருக்கும். கரைவலை அண்ணனுக்கு அந்தப் பெரியவர் எப்படியோ அப்படித்தான். யாரோ ஒருத்தர் இந்த வாரமும் வருவார் என்று தெரிந்தால் போதும், ஒரு ராத்திரியைத் தாண்டிவிடலாம். உங்கள் தம்பியிடம் நேராகவே கேளுங்கள், சாகத் தோன்றுகிறதா என்று. கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. இலங்கையில் மனநலத்துக்கு 1926 இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள்.

மீன்மகள்

எல்லோரும் தம்பியைப் பற்றியும் மச்சாளைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த எட்டு வயதுப் பிள்ளைதான் மனதில் நிற்கிறான். தாயை மறித்துக்கொண்டு நின்றவன்.

நான் மட்டக்களப்பு மாவட்டம், முஸ்லிம். ஆசிரியை. 1990இல் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். தமிழ் ஊர்களிலும் வெட்டும் எரிப்பும் நடந்தன. அதற்குப் பிறகு பிறந்த நாங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தோம்.

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். இயேசு சபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் சேர்ந்து. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வாரம் ஒரு நாள், பல மாதத்துக்கு. நானும் போனேன். அங்கே ஒருவரும் "உனக்கு என்ன நடந்தது" என்று கேட்கவில்லை. களிமண், வர்ணம், மரம், பாட்டு, கதை. எங்களோடு விளையாடியவர்களும் போரைக் கண்ட இளம் ஆட்கள்தான். மூன்றாவது மாதமோ என்னவோ, களிமண்ணில் ஒரு வீடு செய்துவிட்டு அதை நானே மிதித்து உடைத்தேன். பக்கத்திலிருந்த தமிழ்ப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தன் களிமண்ணில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இப்போதும் அவளோடு போனில் கதைக்கிறேன்.

அதனால் மருமகனுக்கு ஒரு இடம் கண்டுபிடியுங்கள். உதைபந்தாட்டமோ, மேளம் பழகுவதோ, அறநெறி வகுப்போ. வாரத்தில் ஒரு நாள் அவன் யாரையும் காக்கத் தேவையில்லாத இடமாக இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கு ஒரு சொல் சொல்லி வையுங்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை வகுப்பில் அடுத்தவனை அடிக்கும். காரணம் தெரியாத ஆசிரியர் அவனைத் தண்டிப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நீரோட்டம்

மீன்மகள் சொன்ன "என்ன நடந்தது என்று கேட்கவில்லை" என்பதில் நானும் நிற்கிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளுக்கு எத்தனை அமைப்புகள் வந்தன! ஒரு நாள் வருவார்கள், வட்டமாக இருத்துவார்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்பார்கள், சனம் குழறும், அவர்கள் வான் ஏறிப் போவார்கள். அப்படி ஒரே அமர்வில் கிளறிவிட்டுப் போவது வேண்டாம் என்று 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டல்களிலேயே எழுதப்பட்டது. அதற்குள் எத்தனை பேரைக் கிளறிவிட்டார்கள்.

பாலைப்பழம், ஒன்று கேட்கட்டுமா? அப்பாவுக்கு அந்தியேட்டி, அந்த முப்பத்தோராம் நாள் கிரியை, செய்தீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்களில் ஒருவர் செத்தால் ஊர் வரும். பறை அடிக்கும், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், எட்டு, முப்பத்தொன்று என்று சனம் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதத்துக்கு அந்த வீட்டைத் தனியே விடமாட்டார்கள். 2009இல் போனவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகும் பல வருடம் கூடி அழவே தடை. இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளினார்கள். தறப்பாளால் மூடிவிட்டு வந்த 17 வயதுப் பெடியனிடம் "நீ செய்தது சரி, வேறு வழி இருக்கவில்லை" என்று ஒருவராவது சொன்னார்களா?

காணாமல் போன அண்ணைக்கு இது பொருந்தாது. அவருக்கு ஏதாவது செய்யச் சொல்லி அம்மாவை ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரத்தில் படம் ஏந்தி இருக்கிற தாய்மாரிடம், உன் பிள்ளை செத்துவிட்டான் என்று ஏற்றுக்கொள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இப்படியான குடும்பங்களுக்காகத்தான் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற் போனமைக்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவர வேண்டி வந்தது. அப்பாவின் கதை வேறு. அவரை நீங்கள் எல்லோரும் கண்ணால் கண்டீர்கள்.

தெளிவு

நீரோட்டம் அக்கா, இதை ஒத்துக்கொள்கிறேன். என் அப்பாவிடமும் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அது அவரை நல்லவராக்கியிருக்குமா என்று தெரியாது. ஆனால் கிரியை செய்வதும் கிளினிக் போவதும் மச்சாளின் பாதுகாப்புக்குப் பதிலாக வந்துவிடக் கூடாது. அவ எப்போது வேண்டுமானாலும் கிளம்பிப் போகக்கூடிய நிலை முதலில் இருக்கட்டும்.

பாலைப்பழம்

நாலு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும், பலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள்.

மச்சாளின் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், இரண்டு உடுப்பு, கொஞ்சக் காசு, எல்லாம் ஒரு பையில் போட்டு என் வீட்டு அலமாரியில் வைத்தோம். பிரதேச செயலகத்துக்கு மச்சாளும் நானும் போனோம். கட்டளை எடுப்பதா இல்லையா என்பதை மச்சாள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அந்த உத்தியோகத்தர் சொன்னா. இப்போதைக்கு வேண்டாம் என்று மச்சாள் சொன்னா, விண்ணப்பம் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பூச்சிமருந்துப் போத்தல் இரண்டு இருந்தது. நான் கொண்டுவந்துவிட்டேன்.

மாதர் சங்கத்தில் மூன்று பேரிடம் மெல்லக் கதைத்தேன். கரைவலை அண்ணையின் கதையைத்தான் சொன்னேன், ஊர் பெயர் இல்லாமல். இரண்டு பேர் சம்மதித்தார்கள், மூன்றாமவருக்குப் புருஷனுக்குப் பயம். இரண்டு தடவை போய் முற்றத்தில் இருந்தோம். முதல் தடவை தம்பி என்னைத் தூசணத்தால் ஏசினான். அக்கா என்று கூப்பிட்ட வாய். ஆனால் அடிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

மேசன் பாஸ்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பத்து நாள் அங்கே நோயாளர் விடுதியில் வைத்திருந்தார்கள். இப்போது நித்திரைக்கு மருந்து எடுக்கிறான். கிளினிக் நாளில் பாஸ் வேலையை நிறுத்திவிட்டுக் கூடப் போகிறார். இடையில் ஒரு முறை திரும்பக் குடித்தான், மச்சாளைத் தள்ளி விழுத்தினான். அன்றிரவு மச்சாளும் பிள்ளையும் எங்கள் வீட்டில் படுத்தார்கள், பதினொரு நாள் இருந்தார்கள். அம்மா வாசலில் நின்று "நீ குடியை விட்டுட்டு வா, இல்லையெண்டால் வராதே" என்று அவனுக்குச் சொன்னா.

நீரோட்டம் அக்கா, அப்பாவுக்கு நாங்கள் ஒன்றுமே செய்திருக்கவில்லை. அண்ணையும் அப்படியே போய்விடுவான் என்று அம்மாவுக்குப் பயம், அதனால் ஒருவருக்கும் செய்யவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு மட்டும் என்று சம்மதித்தா. கீரிமலைக்குப் போனோம். தம்பி தர்ப்பை போட்டு எள்ளும் தண்ணியும் இறைத்தான். கை நடுங்கியது. மேலே ஏறி வந்து ஈர வேட்டியோடு படியில் இருந்து, "தறப்பாள் காணாது அக்கா, கால் வெளியில் தெரிந்தது" என்றான். இத்தனை வருடத்தில் அவன் அதைப் பற்றிச் சொன்ன முதல் வசனம். நீ இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்று சொன்னேன். அம்மா அவன் தலையைத் துவட்டிவிட்டா.

மருமகன் இன்னும் அவனுக்குப் பக்கத்தில் போகமாட்டான். வரும்போது பஸ்ஸில் என் மடியில்தான் இருந்தான். சனிக்கிழமைகளில் மிருதங்க வகுப்புக்குப் போகிறான், வீட்டில் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கிறான். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. மச்சாளின் பை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.